இது வூடு இல்லீங்க

ஆலை வாசலில் இன்று புதுப் பலகை மாட்டினார்கள். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. பெண் தொழிலாளர் புகார்க் குழு என்று எழுதி, கீழே நான்கு பெயர்கள். முதல் பெயர் என்னுடையது. அந்த இடத்தில் உங்கள் பெயர் இருந்திருக்க வேண்டும். நீங்கள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

சங்கராபுரம் பக்கத்து இந்த ஜவ்வரிசி ஆலையில் நான் ஆபீஸ் வேலை, நீங்கள் களத்தில் மாவு காயவைக்கும் வேலை. இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். அதற்கு மேல் அப்போது பழக்கமில்லை.

மலையிலிருந்து வந்து உங்களோடு களத்தில் வேலை செய்த ஒரு பெண் திடீரென்று நின்றுவிட்டார். "மலைக்காரங்க இப்படித்தான், சொல்லாம ஓடிடுவாங்க" என்றார் மேஸ்திரி. நானும் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டேன். நீங்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். மறுநாள் காலை என் மேஜை முன் நின்றீர்கள்.

"ஒரு மனு எழுதிக் குடுங்க. மேஸ்திரி மேல."

"இன்னா ஆச்சு?"

மூட்டை தூக்கும்போது அந்தப் பெண் மேல் கை வைத்தது, கிடங்குக்குத் தனியாக வரச் சொன்னது, மறுத்ததும் வேலை இல்லை என்று மிரட்டியது. எல்லாவற்றையும் சொன்னீர்கள். உங்களிடமும் மேஸ்திரி அப்படி நடந்துகொண்டதையும் சொன்னீர்கள், குரல் மாறாமல்.

"உனக்கு எதுக்கு இந்த வம்பு? அவரு மொதலாளிக்குச் சொந்தம்" என்றேன்.

"எனுக்கு நடந்தத எழுதுங்க. அந்தப் பொண்ணு பேரு வாணாம். என் பேரு போடுங்க."

பயந்துகொண்டே எழுதினேன். 'களத்தில் பெண்களுக்குச் சில சிரமங்கள் உள்ளன' என்று தொடங்கி 'ஆவன செய்ய வேண்டுகிறேன்' என்று முடித்தேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் நீங்கள் தாளை வாங்கவில்லை.

"படிங்க, கேக்கறேன்."

படித்தேன்.

"நான் சொன்னது இதுல எங்க கீது? சிரமம்னா கொழாய்ல தண்ணி வரலன்னு நெனச்சிக்குவாங்க."

இன்னொரு தாள் எடுத்தேன். இந்த முறை நீங்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். இடம், கிழமை, மேஸ்திரி பேசிய சொற்கள். எழுதும்போது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

முதலாளி மனுவைப் படித்துவிட்டு, "பெருசு பண்ணாதீங்க, நம்ம வூட்டுக்குள்ள பேசித் தீத்துக்கலாம்" என்றார்.

"இது வூடு இல்லீங்க. வேல செய்யற எடம்" என்றீர்கள்.

மறுநாள் நகலோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனீர்கள். அங்கிருந்து கடிதம் வந்த பிறகுதான் ஆலையில் குழு என்று ஒன்று அமைந்தது. விசாரணை நடந்த வாரங்களில், ஆலையை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் களத்துப் பெண்கள் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. தனியாகச் சாப்பிட்டீர்கள். பிறகு அவர்களிலேயே ஒருவர் குழுவிடம் வாய் திறந்தார். அடுத்து மூன்று பேர். மேஸ்திரியை வேலையை விட்டு அனுப்பினார்கள். மலைப் பெண் திரும்பி வரவில்லை. நான் வருத்தப்பட்டபோது, "வராட்டி போவுது. வரணும்னு நெனச்சா வரா மாதிரி இந்த எடம் இருக்கணும், அவ்ளோதான்" என்றீர்கள்.

போன வருஷம் குழுவுக்கு என் மேலேயே ஒரு புகார் வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் கொடுத்தது. ஆபீஸ் அம்மா களத்து ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வாடி போடிதான். முதலில் ஆத்திரம் வந்தது. இவர்களுக்காக நான் எவ்வளவு செய்திருக்கிறேன் என்றுகூட நினைத்தேன். குழுவில் என்னைத் தவிர மற்றவர்கள் விசாரித்து முடிக்கும்வரை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்து யோசித்தபோது அதில் பொய்யாக ஒரு வரிகூட இல்லை என்று தெரிந்தது. களத்தில் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன்.

அத்தனை வருஷப் பழக்கத்தில் உங்களை நான் ஒருநாளும் 'நீங்க' என்று அழைத்ததில்லை. நீங்கள் என்னை ஒருநாளும் 'நீ' என்று அழைத்ததில்லை. இப்போது களத்தில் யாரிடம் பேசினாலும் வாய் திறக்கும் முன் கொஞ்சம் நிதானிக்கிறேன். சில நேரம் பழைய சொல்லே வந்துவிடுகிறது. அப்போது நிறுத்தி, திருத்திச் சொல்கிறேன்.