பொது மனையில் ஓர் எல்லைக்கோடு

அன்பு மகள் தீரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி கெரேமாவும் சுகம், மழை வரப்போவதை என் முழங்கால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அங்கே டப்ளினில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும், எட்டியா பார்க்க முடிகிறது. போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்டுக் குழப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

முன்வீட்டு நோயல் பாஸ்கோ வீட்டை விற்றுவிட்டு நெல்சன் ஊரில் மகளோடு இருக்கப் போகிறார். நம் மனையின் கதைதான் உனக்குத் தெரியுமே, நிலம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் பொது, அவரவர் வீட்டை மட்டும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு ஒருவருக்கொருவர் விட்டிருக்கிறோம். நான் அவருக்குக் குடித்தனம், அவர் எனக்குக் குடித்தனம், இதை எந்த மகராசன் யோசித்துக் கண்டுபிடித்தானோ என்று இத்தனை வருஷமாக எனக்கு வியப்பு. இப்போது வாங்க வருகிறவர்களுக்கு இந்தக் கூட்டுக் குத்தகை பிடிப்பதில்லை, நிலத்தைப் பிரித்துத் தனித்தனிப் பட்டா கொடு என்கிறார்கள். நானும் சரி என்றேன். வடக்கே பவோரா மாமாவிடம் சொன்னதும் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நம்ம தாத்தாமாருக்குப் பொதுவா இருந்த நெலத்தை வெள்ளைக்காரங்க கோர்ட்டு ஆளுக்கொரு துண்டாக்கிக் கொடுத்துச்சு, துண்டு துண்டாவே கைவிட்டும் போச்சு. நீ என்னடான்னா சர்வேயரைக் கூப்பிட்டு வச்சுத் துண்டு போடுறியா?" என்றார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே.

சர்வேயர் ஒரு சின்னப் பெண், முக்காலிக் கருவியோடு வந்தாள். நான் விடுவேனா, கூடவே நடந்தேன், இந்தக் கண்ணாடி எதைப் பார்க்கிறது, புல்லுக்கு அடியில் பழைய குறி எப்படித் தெரிகிறது என்று அவளைத் துளைத்துவிட்டேன். அவள் போட்ட நேர்கோட்டில் என் எலுமிச்சை மரம் முன்வீட்டுப் பக்கம் போய்விட்டது. நீ பிறந்தபோது நம் வழக்கப்படி உன் நஞ்சுக்கொடியை வடக்கே நம்மவர் மண்ணில் கொண்டுபோய்ப் புதைக்க முடியாமல் போனது, நான் ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டே, எலுமிச்சைக்கு அடியில் புதையுங்கள், வேறெங்கும் கூடாது என்று உன் அப்பாவிடம் சொல்லி அனுப்பினேன். அந்த இடம் முன்பின் தெரியாத ஒருவன் பட்டாவில் போவதா? கார் நிறுத்தக் கான்கிரீட் கொட்டினால் நான் என்ன செய்வேன்? ஆனால் நோயலிடம் காரணம் சொல்ல வாய் வரவில்லை, டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்து பேசுகிற விஷயமா அது. ஊறுகாய்க்கு எலுமிச்சை வேண்டும் என்று சண்டை போட்டேன். நான் ஊறுகாய் போடுகிற லட்சணம் அவருக்கும் தெரியும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அவசரப்பட வேண்டிய நோயலும் கையெழுத்துப் போடவில்லை. எலுமிச்சையை எடுத்துக்கோங்க மெரி என்று சொல்லிவிட்டார், அப்புறமும் வக்கீல் வரச் சொன்னால் இடுப்புவலி, அடுத்த வாரம் மீன்பிடிக்கப் போகணும் என்று ஏதாவது ஒரு சாக்கு. ஏன் இந்த மனுஷன் மழுப்புகிறார் என்று எனக்கு மண்டையே வெடித்தது. ஜன்னலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன், கெரேமா என்னைத் துப்பறியும் அம்மா என்று கிண்டல் செய்தான். கடைசியில் போன சனிக்கிழமை பொறுக்க முடியாமல் போய், எலுமிச்சைக்கு அடியில் இருப்பதைச் சொல்லிவிட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது எலுமிச்சைக்கு அடியில இல்லையே மெரி. உங்க வீட்டுக்காரர் ராவிரி வந்து என்கிட்டத்தான் கடப்பாரை கேட்டாரு. எலுமிச்சைப் பக்கம் எங்க தோண்டினாலும் பழைய அஸ்திவாரக் கல்லு. அப்புறம் என் பெய்ஜோவா பழமரத்துக்குக் கீழதான் ரெண்டு பேருமாத் தோண்டினோம். ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவகிட்ட இப்ப சொல்ல வேணாம், அப்புறமா நானே சொல்லிக்கிறேன்னாரு. உங்களுக்குத் தெரியும்னே இருந்துட்டேன். நீங்களா வாயத் திறந்து கேப்பீங்க, கேட்டதும் கோட்டை மாத்திக்கலாம்னுதான் கையெழுத்தைத் தள்ளிப் போட்டேன். நானா எடுத்துப் பேசுற விஷயமா அது?" என்றார்.

அந்த மரம் அவர் சமையலறை வெளிச்சத்தையே மறைக்கிறது, ஏன் வெட்டாமல் வைத்திருக்கிறார் என்று நாம் எத்தனை தடவை பேசியிருப்போம் தீரியா. எனக்கு உன் அப்பாமேல் வந்த கோபத்துக்கு அவர் உயிரோடு இருந்திருந்தால் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார், அதே மூச்சில் அழுகையும் வந்துவிட்டது.

கோடு வளையலாம் என்றாள் சர்வேயர் பெண். பெய்ஜோவாவைச் சுற்றி வளைந்து அந்த மூலை நமக்கு வருகிறது, ஈடாக எலுமிச்சையும் கெரேமா கார் நிறுத்துகிற இடமும் முன்வீட்டுக்குப் போகின்றன. கெரேமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், சரியாகிவிடுவான். மாமாவிடம் மறுபடி பேசினேன், பொதுவாகவே விட்டால் புதிதாக வருகிறவனுக்கும் அந்த மண்ணில் பாதி உண்டே என்றேன். அவர் உம் என்றார், அவரிடமிருந்து அதுவே பெரிசு. நேற்று இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

வெளியே வரும்போது, அன்றைக்கு உன் அப்பா அங்கே என்ன சொன்னார் என்று நோயலிடம் கேட்டேன், நான் இல்லாமல் நடந்ததாயிற்றே. நம் பாஷையில் ஏதோ பிரார்த்தனை, தனக்குப் புரியவில்லை, ஆனால் கடைசியில் தீரியா, தீரியா என்று இரண்டு முறை சொன்னது காதில் விழுந்தது என்றார். மகளே, அதற்குப் பிறகு ஒரு வாரம் நானும் உன் அப்பாவும் உனக்குப் பெயர் தேடிச் சண்டை போட்டோம், தீரியா என்று நானே கண்டுபிடித்து வைத்ததாக இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது தான் முன்பே வைத்த பெயர் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். உன்னை முதன்முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த மூலையில்தான்.

நோய்நொடி இல்லாமல், நல்ல மனுஷர்கள் நடுவில் நீ நூறாண்டு இரு. மாமாவுக்கு ஒரு போன் போடு, மறந்துவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா மெரியானா
கிளென் ஈடன், ஆக்லாந்து