பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சு

என்னங்க,

நேர்ல கேட்டா சண்டையாயிடும்னு இதை உங்க சாப்பாட்டுப் பையில வைக்கிறேன்.

வேக ரயில் விட்டதிலேருந்து எதிர்வீட்டுக்காரர் பொழுதோட வந்து செடிக்குத் தண்ணி ஊத்துறார். நீங்க மட்டும் பழைய நேரத்துக்கே வர்றீங்க. கேட்டா, "கூட்டம், ஏற முடியலை"ங்கிறீங்க.

நேத்து மனசு கேக்காம ஸ்டேஷனுக்கே வந்துட்டேன். வேக ரயில்லேருந்துதான் இறங்கினீங்க. இறங்கி, கடைசி பெஞ்சுல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு சும்மா உட்கார்ந்துட்டீங்க.

பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. இங்க ரெண்டு வாண்டுகளோட நான் ஒருத்தி மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன்! ஆனா உங்க முகம் அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. கூப்பிடாமலே திரும்பிட்டேன்.

இன்னைக்கும் பிள்ளைங்களை எதிர்வீட்டுல விட்டுட்டு வர்றேன். ரயில்ல இடம் பிடிக்கப் போடுவீங்களே, அந்தக் கைக்குட்டையை உங்க பக்கத்துல போட்டு வைங்க. ஒரு வார்த்தை பேச மாட்டேன். எனக்கும் செருப்பைக் கழட்டிட்டு உட்காரணும்.

உங்க வீட்டுக்காரி