இடுப்புப் பட்டை சேரவில்லை

பிப்ரவரி 9

கவசப் பெட்டி வந்துவிட்டது. நாடகத்தில் நான் போடப்போகும் படைத்தலைவிக்கான கம்பீரம் ஒன்றும் இல்லை. உள்ளே கறுப்பு ஃபோம் ஷீட்டுகள், வார்கள், பக்கிள்கள், எப்படி வெட்ட வேண்டும் என்று கோடு போட்ட காகிதங்கள். கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் மூக்குக்கும் காதுக்கும் ஃப்ரேம் பொருத்துகிறவள் நான். என் உடம்புக்கு இதைப் பொருத்தமாட்டேனா?

நாத்தனார்தான் டேப் பிடித்தாள். அட்டவணையைப் பார்த்தால் மார்புக்கு நடுத்தர சைஸ், இடுப்புக்குப் பெரிய சைஸ்.

"என்ன அண்ணி, ரெண்டு ஆளுக்குச் சேர்த்து ஒரு கவசமா?"

வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்காமலே சொன்னார்: "டயட் இருக்கிற சேதி வயித்துக்கு இன்னும் போய்ச் சேரல போல."

சிரித்தேன். கொஞ்சம் கோபமும் வந்தது.

பிப்ரவரி 12

முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தோம். ஃபோமில் கத்தி வைத்த பிறகு அழுது பயனில்லை. தோள் அழகாக உட்கார்ந்தது. கையைத் தூக்கினால் கழுத்தில் இடிக்கிறது. அக்குளில் கொஞ்சம் செதுக்கினால் போதும். முன்தகடும் பின்தகடும் பக்கவாட்டில் தொட வேண்டியதில்லை, இரண்டு விரல் இடைவெளியை வார் மறைத்துவிடும். எனக்கோ இடுப்பில் மட்டும் உள்ளங்கையே போகிறது. நடுத்தர சைஸே இருக்கட்டும் என்றேன். நாடகத்துக்குள் இளைத்துவிட மாட்டேனா?

டீயோடு பிஸ்கட்டை நிறுத்தியாயிற்று.

மார்ச் 1

இடுப்புப் பட்டை சேரவில்லை.

மார்ச் 2

நேற்று எரிச்சலில் மேலே எழுதவில்லை. ஃபோமைச் சூடுபடுத்தி, வளைத்து, பசை போட்டு, எல்லாம் முடித்துவிட்டு மாட்டினால் தோளில் தொளதொளவென்று ஆடுகிறது. இடுப்பில் பக்கிள் எட்டவே இல்லை. போன மாதம் உள்ளங்கை போன இடத்தில் இப்போது கையை விரித்தே வைக்கலாம்.

கடைக்கு வருகிறவர்கள் "இளைச்சுட்டீங்களே" என்கிறார்கள். கன்னம் ஒட்டிவிட்டது. சாப்பாட்டில் பாதித் தட்டுக்கு மேல் இறங்குவதில்லை. அப்புறம் இந்த வயிறு எங்கிருந்து வருகிறது?

வயசு நாற்பத்தாறு. எல்லாருக்கும் இப்படித்தானே.

மார்ச் 8

ஆளில்லாமலே அளவு பார்க்க ஒரு பொம்மை உடம்பு செய்தோம். பழைய பனியனைப் போட்டுக்கொண்டு நின்றேன். நாத்தனார் மேலே சுற்றிச் சுற்றி பார்சல் டேப் ஒட்டினாள். விறைத்ததும் முதுகில் கத்தரியால் வெட்டிக் கழற்றி, உள்ளே பழைய துணியை அடைத்து மேஜைமேல் நிறுத்தினாள்.

நான் என்னைப் பின்னால் நின்று, பக்கத்தில் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. கண்ணாடியில் தெரியாதது அங்கே தெரிந்தது. தோள் ஒல்லி. முதுகு ஒல்லி. வயிறு மட்டும் புடைத்துக்கொண்டு — அதுவும் நடுவில் இல்லை. இடது பக்கமாக.

நாத்தனார் பொம்மையின் இடது பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அண்ணி, இது சாப்பிட்டு வந்த வயிறு இல்ல," என்றாள்.

குளியலறைக்குப் போய் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருக்கிறது. எத்தனை நாளாக? எனக்கு ஏன் தெரியவில்லை?

மார்ச் 9

"நாடகம் முடியட்டும், காட்டிக்கலாம்" என்றேன்.

"நாளைக்குக் காலைல நீங்க வரீங்க. இல்லன்னா டாக்டரை இங்க கூட்டிட்டு வருவேன், பாத்துக்குங்க," என்றாள் நாத்தனார்.

நான் போட்டு வைத்த டீயை அவர் ஆறவிட்டார்.

சித்தியை நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். அவளைக் கொண்டுபோன புற்றும் வயிற்றில்தான் தொடங்கியது.

மார்ச் 11

ஸ்கேன். சினைப்பையில் கட்டி, சின்ன முலாம்பழம் அளவு. டாக்டரம்மா என்னைவிடச் சின்னவள், நிதானமாகப் பேசினாள். "நீர்க்கட்டி மாதிரிதான் தெரியுது. ஆனா எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் உறுதியா சொல்ல முடியும். தள்ளிப் போட வேணாம்மா."

மாதிரிதான். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 13

நாடகக் குழுவை நடத்தும் பள்ளி வேன் டிரைவருக்குப் போன் செய்தேன். குரலுக்காக அவரை எல்லாரும் ஹாரன் என்போம். வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். என்றைக்கும் இறங்காத அந்த மனுஷன் குரல் இறங்கியது.

"நாடகம் ரெண்டு மாசம் தள்ளிப் போனா குடி ஒண்ணும் முழுகிடாதும்மா. நீ போய்ட்டு வா."

போனை வைத்துவிட்டு அழுதேன். நல்லா அழுதேன்.

மார்ச் 18

நாளை ஆபரேஷன். அவர் பையை மூன்று முறை அடுக்கிவிட்டார். "அந்த டயட் ஜோக்கு..." என்று ஆரம்பித்தார். "விடுங்க," என்றேன். விடவில்லை, கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 21

எழுத முடிகிறது. இருமினால் உயிர் போகிறது. எடுத்தாயிற்று, முழுசாக. ரிசல்ட்டுக்கு இன்னும் நாளாகும்.

மார்ச் 29

போன் அடித்தாலே ஆஸ்பத்திரிதானோ என்று முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். அடித்தது மூக்குக்கண்ணாடி கேட்டு ஒரு வாடிக்கையாளர்.

ஏப்ரல் 2

ஒன்றும் இல்லை! வெறும் நீர்க்கட்டி. வேறெதுவும் இல்லை என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னாள், நான் இரண்டு முறை கேட்டதால். வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுகிறாள். போகிறவர்கள் எல்லாம் நோயாளி அவள் என்று நினைத்து அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தையல் வலித்தது. வலிக்கட்டும்.

ஏப்ரல் 26

தூக்கக் கூடாது, குனியக் கூடாது. ஆனால் நின்று அளவு கொடுக்கலாம். பொம்மை உடம்பு இனி உதவாது, அது வேறு ஆள். குப்பைக்குப் போட்டோம். புதிதாக டேப் பிடித்தோம். அன்று எட்டாத இடுப்புத் தகடு இப்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறியது, இரண்டு பக்கமும் வெட்டிக் குறைத்தேன். தோளில் உள்பக்கம் ஸ்பாஞ்சு ஒட்டி ஆட்டத்தை நிறுத்தினேன். தையல் போட்ட இடத்தில் பக்கிள் உறுத்தியது. பக்கிளைப் பக்கவாட்டுக்கு மாற்றி, அங்கே மெத்தென்று வெல்க்ரோ வைத்தாள் நாத்தனார். உட்கார்ந்து பார்த்தேன். எழுந்தேன். கத்தியைச் சுழற்றிக்கூடப் பார்த்தேன், மெதுவாக.

மே 10

நாடகம் நடந்தது. அரங்கம் நிரம்பவில்லை, ஆனால் வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு வசனத்தை விழுங்கிவிட்டேன். ஹாரன் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தது கடைசி வரிசைவரை கேட்டதாம்.

முடிந்ததும் எல்லாருக்கும் சாப்பாடு வைத்திருந்தார்கள். பசி என்றால் அப்படி ஒரு பசி. கவசத்தைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் நின்றபடியே சாப்பிட்டேன். தட்டைக் காலி செய்துவிட்டு அவரிடம் நீட்டினேன். அவர் தட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. போய் வரிசையில் நின்று நிறையப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.