அடுப்போரத்து ஆயில் கேன்

ரல்தோக், சாங்தாங்
12 அக்டோபர் 2009

நுர்பு அவர்களுக்கு,

ஜூலே. இதை உங்கள் மனைவியாக எழுதவில்லை. ரல்தோக் சுகாதார நிலையத்து நர்ஸாக எழுதுகிறேன். அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஊர்க் கூட்டம். ஊர் லாரியை இப்போது என் தம்பி ரிக்சின்தான் ஓட்டுகிறான். நீங்கள் மார்ச்சில் கிளம்பிப் போன பிறகு வேறு யாரும் சாவியை வாங்க முன்வரவில்லை. இந்தக் குளிர்காலத்தில் வண்டி தினமும் காலையில் கிளம்பியாக வேண்டும். ஏனென்றால் ரிக்சின் மனைவி டோல்கருக்கு ஜனவரிக் கடைசியில் பிரசவம். முதல் பிள்ளையை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும், நீங்கள்தானே ஓட்டிப் போனீர்கள். இதையும் ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியமும் இல்லை, கருவியும் இல்லை. டிசம்பரில் லோசர் புத்தாண்டு முடிந்ததும் பஸ்ஸில் அனுப்பிவிடுவதாகத் திட்டம். ஆனால் வலி பஸ் நேரம் பார்த்து வராது.

என்ன ஆயில் ஊற்றுவது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் ஊர்த்தலைவர் என் பக்கம் திரும்பி, "நம்ம வண்டியோட வயிறு நுர்புக்குத்தாம்மா தெரியும். நீயே எழுதிக் கேளு. எழுதினா கை ஒண்ணும் ஒடிஞ்சு போகாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதிலைப் புதன்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள்.

தெச்சன்
(நர்ஸ்)


லே நகரம், சோக்லம்சர் பட்டறை
21 அக்டோபர் 2009

அன்புள்ள தெச்சனுக்கு,

ஜூலே. உன் கடிதத்தை நர்ஸ் எழுதியதாகவே படித்தேன். பதிலை மெக்கானிக் எழுதியதாக நீயும் படி.

நாங்கள் வருடக்கணக்கில் ஊற்றிய வெறும் நாற்பது நம்பர் ஆயில் சமவெளிக்காரர்களுக்கானது. கெட்டியாக இருந்தால் இன்ஜினுக்கு நல்லது என்று நானும் மார்தட்டிச் சொல்லியிருக்கிறேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும். டின்னின்மேல் இரண்டு எண் போட்டிருக்கும் ஆயிலாகப் பார்க்க வேண்டும். முதல் எண் குளிருக்கு, இரண்டாவது சூட்டுக்கு. முதல் எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு குளிரில் ஆயில் ஓடும். லே கடைகளில் கிடைப்பது பதினைந்து-நாற்பது. அது கார்த்திகைப் பனிக்குப் போதும், ஜனவரிக்குப் போதாது. நம் ஊருக்கு ஐந்து-நாற்பது வேண்டும், அதுவும் டீசல் வண்டிக்கென்று எழுதியதாக. அது கீழே சமவெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. கணவாய் மூடுவதற்குள் கிடைக்கிறதா பார்க்கிறேன்.

ரிக்சினிடம் சொல். டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்கலாம், உறையாது. ஆயிலில் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது. பேட்டரியை மாலையில் கழற்றி வீட்டுக்குள் வைக்கட்டும். அடியில் தீ மூட்ட வேண்டாம், பிரேக் குழாய் வெந்துவிடும்.

இன்னொன்று. மாலையில் ஆயிலை இறக்கிக் கேனில் பிடித்து அடுப்போரம் வைப்பது, காலையில் சூடாக ஊற்றுவது, இந்தப் பழக்கம் இனி வேண்டாம். காரணம் கேட்காதே.

நீ சாப்பிடுகிறாயா? மெக்கானிக் கேட்கும் கேள்வி இல்லைதான்.

நுர்பு


ரல்தோக்
4 நவம்பர் 2009

நுர்பு அவர்களுக்கு,

சாப்பிடுகிறேன். அதைக் கேட்க எட்டு மாதம் ஆகியிருக்கிறது உங்களுக்கு.

உங்கள் கடிதத்தை ரிக்சினுக்குப் படித்துக் காட்டினேன். "மச்சான் லே நகர்ல உக்காந்துகிட்டு ஆயிரம் சொல்லுவாரு. நாற்பது ஆயில்ல ரெண்டு லிட்டர் மண்ணெண்ணெய ஊத்துனா தண்ணியா ஓடப்போகுது. எல்லைக்குப் போற வண்டிக்காரன் அத்தனை பேரும் அதான் பண்றான்" என்கிறான். "பொண்டாட்டிய ஏத்திக்கிட்டுப் போற வண்டிடா அது" என்றேன். "அதனாலதான் அக்கா சீக்கிரம் கிளம்பணும்ங்கறேன்" என்று எனக்கே பாடம் சொல்கிறான். நீங்கள் ஒன்று செய்து காட்டினால்தான் அவன் கேட்பான். எழுதினால் கேட்கமாட்டான்.

கேன் ஏன் வேண்டாம்? காரணம் கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? பத்து வருடம் அதைத்தானே செய்தீர்கள்? ஊரில் இன்றும் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? நம் ஜிக்மத்துக்கு மூச்சு இழுத்த அன்றைக்கு வண்டி பதினொரு மணிவரை கிளம்பாததற்குக் காரணம், முந்தின நாள் விருந்தில் நுர்பு சாங் குடித்துவிட்டு ஆயிலை இறக்காமலேயே தூங்கிவிட்டான் என்பதுதான். எட்டு மாதப் பிள்ளை லே போகும் வழியில் மாஹே பாலத்தருகில் என் மடியில் அடங்கியது அதனால்தான் என்கிறார்கள். நீங்கள் ஒருமுறைகூட மறுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். இப்போது கேன் வேண்டாம், காரணம் கேட்காதே என்று எழுதுகிறீர்கள். உங்கள் கடிதம் வந்த நாள்முதல் எனக்குத் தூக்கமில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிடுங்கள்.

தெச்சன்


சோக்லம்சர்
20 நவம்பர் 2009

அன்புள்ள தெச்சனுக்கு,

ஆயில் கிடைத்துவிட்டது. கணவாய் மூடுவதற்கு முன் வந்த கடைசி லாரி வரிசையில் நான்கு நாள் நின்றேன். ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்டு, ஏழாவது ஆளிடம் பேசி வாங்கினேன். "என்னய்யா, கல்யாணத்துக்குப் பொண்ணு தேடற மாதிரி தேடற!" என்றான் அந்த ஆள். பதினாறு லிட்டர், ஒரு முறை மாற்றச் சரியாக இருக்கும். புது ஃபில்டரும் வைத்திருக்கிறேன். பஸ்ஸின் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும், ஓட்டுநரிடம் கேட்டு வாங்கிக்கொள். பழைய ஆயிலை இன்ஜின் சூடாக இருக்கும்போதே முழுக்க இறக்கச் சொல். ஃபில்டரை மாற்றாவிட்டால் பழையது உள்ளேயே நின்றுவிடும்.

ரிக்சின் நம்பாவிட்டால் வாய்ச்சண்டை போடாதே. கூடவே மூன்று சின்ன பாட்டில் அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் நாற்பது, ஒன்றில் பதினைந்து, ஒன்றில் ஐந்து. சாயங்காலம் கூரைமேல் வைத்துவிட்டுக் காலையில் சாய்த்துப் பார்க்கச் சொல். பாட்டிலே அவனுக்குப் பதில் சொல்லும்.

கேன் விஷயம். சுட்ட ஆயில் வாடை கைப்பிள்ளை நெஞ்சுக்கு ஆகாது. ரிக்சின் வீடு ஒரே அறை. பிள்ளை வந்த பிறகும் இரண்டு மாதம் குளிர் இருக்கும். இந்த ஆயில் ஊற்றினால் இறக்கி வைக்க வேண்டிய வேலையே கிடையாது. அவ்வளவுதான் காரணம்.

நான் குடித்திருந்தேன் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். இரண்டு கிண்ணம் குடித்தது உண்மைதானே.

நுர்பு


ரல்தோக்
9 டிசம்பர் 2009

என் நுர்புவுக்கு,

முதலில் வண்டி. டின்கள் வருவதற்கு முன்பே ரிக்சின் தன் வேலையைக் காட்டிவிட்டான். நாற்பது ஆயிலில் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறான். காலையில் ஜோராகக் கிளம்பியது, ஊரே கைதட்டியது. மூன்றாவது நாள் ஏற்றத்தில் இன்ஜின் சூடானதும் ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்கியதாம். பயந்துபோய் உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். டின்களோடு வந்த உங்கள் பாட்டில்களைக் கூரைமேல் வைத்தேன். அன்றைக்குப் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தேழு. காலையில் சாய்த்தான். நாற்பது அசையவே இல்லை, பாட்டிலைக் கவிழ்த்தும் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து வெல்லப்பாகாக இறங்கியது. ஐந்து ஓடியது. "ஆயில் இறக்குற நட்டுக்கு ஸ்பானர் எங்க வச்சேன்?" என்று மட்டும் கேட்டான். இப்போது உங்கள் ஆயில்தான் உள்ளே இருக்கிறது. விளக்கும் மினுக்கவில்லை.

இனி என் விஷயம்.

அந்தக் கவிழ்ந்த பாட்டிலைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். குளிர்ந்த ஆயில் எப்படி நிற்கும் என்று நான் ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்க வேண்டியவள்.

அந்த விருந்து நாள் இரவு நீங்கள் ஆயிலை இறக்கினீர்கள். நான் பார்த்தேன். கேனை அடுப்போரம் வைத்துவிட்டுத்தான் படுத்தீர்கள். ஜிக்மத் அந்த வாடைக்கு இருமிக்கொண்டே இருந்தான். விளக்கை அணைக்கும் முன் நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கோல் அறையில் வைத்தேன். விடியலில் அடுப்பு மூட்டும்போது திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தேன். உங்களிடம் சொல்ல மறந்துபோனேன் என்று எழுதினால் அது பொய். காலையில் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது, நீங்கள் வண்டிக்கு ஓடுகிறீர்கள், அப்போது சொல்ல வாய் வரவில்லை. பிறகு சொல்லவே முடியவில்லை. ஊர் உங்களைக் குடிகாரன் என்றபோது நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என் பிள்ளையை நானே கொன்றுவிட்டு உங்கள் தலையில் போட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை, அது கேட்டு வாங்குகிற பொருளா? ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாடையைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் போனீர்களா?

தெச்சன்


லே ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு வாசல்
7 ஜனவரி 2010

நுர்புவுக்கு,

இதை ரிக்சின் பட்டறையில் கொண்டுவந்து கொடுப்பான்.

உங்கள் பதில் வரவில்லை. லோசருக்கு மறுநாள் தொடங்கிய பனியில் பஸ் நின்றது. பாதை திறந்ததே நேற்று முன்தினம்தான். ஆனால் அதற்கு முன் ஒரு பஸ் வந்தது, அதில் உங்கள் கடிதம் இல்லை. பதில் இல்லாததும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று விடிந்தும் விடியாமலும் டோல்கருக்கு வலி வந்துவிட்டது. மூன்று வாரம் முன்னதாகவே. வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தொன்பது. ரிக்சின் பேட்டரியை மாட்டினான். "அக்கா, நீ சாமியக் கும்பிடு, நான் செல்ஃப் அடிக்கிறேன்" என்றான். நான் கும்பிடவில்லை. டோல்கரின் நாடியைப் பிடித்துக்கொண்டு, போன வருடம் நீங்கள் அடித்த செல்ஃப் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் தடவை முனகியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், இரண்டே தடவை. ஊர் முழுக்க வெளியே நின்று அழுதது. பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுக் கிளம்பினோம்.

மாஹே பாலம் வந்தபோது ரிக்சின் வேகத்தைக் குறைத்தான். "நிறுத்தாத, போ" என்றேன். பாலத்தைத் தாண்டும்வரை டோல்கர் என் கையை விடவில்லை, அவளுக்கே அவ்வளவு வலி இருந்தபோதும்.

நேற்று மாலை பெண் பிள்ளை பிறந்தது. இருவரும் நலம்.

ஊர்த்தலைவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கேனை நகர்த்தியது யார் என்று. லோசர் அன்று, எல்லோரும் இருக்கும்போது. இனி உங்களை யாரும் குடிகாரன் என்று சொல்லமாட்டார்கள். நீங்கள் இருக்கும் இடம் இங்கிருந்து ஒரு மணி நேர நடைதான். வரக் கால் எழவில்லை. ஆயிலுக்கு நன்றி.

தெச்சன்


(அதே தாளின் பின்பக்கம்)

தெச்சன்,

உன் டிசம்பர்க் கடிதம் கிடைத்தது. ஆறு முறை பதில் எழுதி ஆறையும் அடுப்பில் போட்டேன். இது ஏழாவது, இதைக் கிழிக்க நேரமில்லை. ரிக்சின் பக்கத்தில் நின்று "சீக்கிரம் மச்சான்" என்கிறான்.

தெரியும். அன்று காலையில் கேனின் கைப்பிடியைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. அடுப்போரம் இருந்த கேன் அப்படிச் சில்லென்று இருக்காது. அடியில் வைக்கோல் வேறு ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன், நீ பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாய். எதற்காக நகர்த்தியிருப்பாய் என்று அந்த நொடியே புரிந்தது. அவன் இருமலை நானும் கேட்டுக்கொண்டுதானே படுத்திருந்தேன். எழுந்து கேனை நகர்த்த எனக்குத்தான் தோன்றவில்லை.

நீ எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். ஆயில் குளிர்ந்திருப்பது தெரிந்தும் நான் ஊற்றினேன். அரைமணி நேரம் அடுப்புமேல் ஏற்றிச் சூடாக்கியிருந்தால் ஏழு மணிக்குக் கிளம்பியிருப்போம். அவசரத்தில் அந்த அரைமணியை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். மெக்கானிக் நான், நீ இல்லை. ஊர் என்னைத் திட்டியபோது அது தப்பான காரணத்துக்குத் திட்டியது, தப்பான ஆளை அல்ல. பிறகு ஏன் போனேன் என்கிறாயா? என்றாவது ஒரு நாள் கோபத்தில் "கேனை நகர்த்தினது நீதானே" என்று என் வாயில் வந்துவிடுமோ என்று பயந்தேன். அதற்கு லே நகரமே மேல் என்று தோன்றியது.

நீ கொல்லவில்லை. நானும் கொல்லவில்லை. இதை என்னால் தனியாளாகச் சொல்லி நம்ப முடியவில்லை.

ரிக்சினோடு நானும் வருகிறேன். இந்தத் தாளை அவன் உன்னிடம் கொடுக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் வண்டிப் பக்கம் நிற்பேன். உள்ளே வரலாமா என்று அவனிடமே சொல்லியனுப்பு. வேண்டாம் என்றால் ஆயில் அளவை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

நுர்பு