மேஸ்திரிக்குக் கவனம் நூற்றுக்கு நூறு

ஜூன் 2, திங்கள்

ஆற்றுப் பாலம் நடுவில் உடைந்து சரக்கு லாரி ஒன்று தண்ணீரில் தலைகுப்புற நின்றதே, அந்த வருஷம்தான் எங்கள் ஐந்து பேரையும் கிடங்கு வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதே வருஷம்தான் என் மூத்தவள் பிறந்தாள். பழைய முதலாளி மீசையை எடுத்ததும் அப்போதுதான், மீசை இல்லாமல் வந்தவரை நானே வாசலில் மறித்து, “யாருய்யா நீ, என்ன வேணும்?” என்று கேட்டேன். அந்த வருஷத்துக்கு ஒரு எண் இருக்கும். எனக்குத் தெரியாது. எனக்கு அது மீசை போன வருஷம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பயிற்சி வகுப்பு டீச்சர் சொல்லச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத நான் நாட்குறிப்பு எழுதுகிறேன்! நான் பேசினால் போன் எழுதிக்கொள்கிறது. கேட்டால் திருப்பி வாசித்தும் காட்டுகிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் இதற்குப் பாதி விளங்கவில்லை. வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்திப் பேசினால் எல்லாம் விளங்குகிறது. அதனால் தினமும் எனக்கு நானே செய்தி வாசிக்கிறேன்.

“யாருக்கு வாசிக்கறீங்க?” என்கிறாள் வீட்டுக்காரி. “மழை வருமான்னு சொல்லுங்க, துணி காயப் போடணும்.”

எல்லாம் கிடங்கு மேனேஜர் தம்பி செய்த வேலை. “பெரியவரே, மாசக் கடைசியில கேட்டுக்கு மெஷின் வருது. பயிற்சி முடிச்சு சான்றிதழ் வாங்கிட்டா நீங்களும் மெஷினும் இருப்பீங்க. இல்லன்னா மெஷின் மட்டும்தான் இருக்கும்” என்றார்.

கேட்டுக்குப் பின்னால் இருக்கிற அறை கேட்டுக்காரனுக்கு உரியது. வேலை போனால் அறையும் போகும். இரண்டு பெட்டி, ஒரு கட்டில், சுவரில் அந்தப் படம், வீட்டுக்காரி — இத்தனையையும் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?

ஜூன் 3, செவ்வாய்

வகுப்பு நடக்கும் இடம் முன்பு தட்டச்சுப் பள்ளி. டீச்சரும் அப்போது தட்டச்சு டீச்சர்தான். யாரும் தட்டச்சுக்கு வராமல் போகவே, அவரே ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து இதைச் சொல்லித் தருகிறார். முதுகு வளைந்தால் இன்னமும் அளவுகோலால் மேஜையைத் தட்டுகிறார்.

மாணவர்கள் இரண்டு பேர். நான் ஒருவன். இன்னொருத்தி அலுவலகங்களைப் பெருக்குகிற தங்கச்சி. அவள் வேலைக்கும் தானாக ஓடுகிற ஒரு மெஷின் வந்துவிட்டதாம். அதை ஓட்டக் கற்றுக்கொண்டால் அவள் இருக்கலாம். “பூனைக்குட்டி மாதிரி காலைச் சுத்துதுண்ணே அது. உதைக்கவும் முடியல” என்றாள்.

முதலில் போனில் முகத்தைப் பதிய வேண்டும். அவளை உடனே ஏற்றுக்கொண்டது. என்னைப் பார்த்ததும் போன் சொன்னது: “இந்த முகம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. ஒருவர் இருமுறை சேர முடியாது.”

டீச்சர் தன் கண்ணாடியைத் துடைத்தார். என் கண்ணாடியையும் துடைத்தார். மூக்கைக் கையால் மறைத்துக் காட்டச் சொன்னார். “முகம் தெரியவில்லை” என்றது. கையை எடுத்தேன். “ஏற்கெனவே பதிவாகியுள்ளது.” என் மூக்கு அப்படி. ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார். கிடங்கில் என் பெயரே மூக்கன்தான்.

முறையிட ஒரு வழி உண்டாம். நான் நான்தான் என்று இருபது வருஷத்துக்கு மேல் தெரிந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அவர் குடும்பத்து ஆளாக இருக்கக் கூடாது. உயிருடன் இருக்க வேண்டும்.

யோசித்தேன். படத்தில் என்னோடு நின்ற நாலு பேர்தான். மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒட்டகம், ஆயுசு முழுக்க நிலைவாசலில் தலையை இடித்துக்கொண்டவன், கடைசியில் காய்ச்சலில் போனான். ஊமையன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கத்திலேயே போனான், அவன் சுபாவப்படி. பீரங்கி தன் மகள் ஊருக்குப் போய் அங்கே இறந்தான். லாரிக்காரர் ஒருவர் வந்து சொன்னார். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

“யாரும் இல்லீங்களே டீச்சர்.”

“நல்லா யோசிங்கய்யா.”

“யோசிச்சா எழுந்து வருவாங்களா?”

ஜூன் 4, புதன்

வீட்டுக்காரியிடம் சாட்சி விஷயத்தைச் சொன்னேன். “ஏன், எனக்கு உங்களைத் தெரியாதா?” என்று கோபித்துக்கொண்டாள். குடும்பத்தாரை மெஷின் நம்பாது என்றேன். “அப்ப அதுக்கு ஏதோ விவரம் தெரிஞ்சிருக்கு” என்றாள்.

ஜூன் 5, வியாழன்

கட்டிலில் உட்கார்ந்து மறுபடி மறுபடி முகத்தைக் காட்டிப் பார்த்தேன். தும்மல் வந்தது. குனிந்தேன். போன் இனிமையாக, “வணக்கம் புதிய மாணவரே, பதிவு முடிந்தது” என்றது.

எழுந்து ஆடாத குறை. பிறகுதான் திரையைப் பார்த்தேன். அதில் இருப்பது நான் இல்லை. எனக்குப் பின்னால் சுவர்ப் படத்தில் நிற்கிற மேஸ்திரி. தலைப்பாகையும் முறைப்புமாக.

ஜூன் 6, வெள்ளி

“அழிச்சுடுங்க டீச்சர்” என்றேன்.

“என்னால அழிக்க முடியாது, மேலிடத்துலதான் அழிக்கணும். அடிச்ச எழுத்தை அழிக்காதீங்கன்னு முப்பது வருஷமா சொல்லிக் குடுத்தவ நான். பதிவான மாணவர் வகுப்புக்கு வந்தாகணும்” என்றார். மேஜையை ஒரு தட்டுத் தட்டினார்.

மேஸ்திரி வகுப்புக்கு வந்தார். படத்தை நான்தான் சுமந்து போனேன். அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம். “தலையை இடப்பக்கம் திருப்பவும்” என்றது போன். தங்கச்சி படத்தை இடப்பக்கம் திருப்பினாள். “நன்றி” என்றது.

பாடம் மேஸ்திரிக்கு நடந்தது. நான் பின்னால் நின்று கற்றுக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

இந்தப் போன் நம் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. வார மதிப்பெண் வந்தது. தங்கச்சிக்குக் கவனம் அறுபத்தொன்று. ஜன்னல் தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மேஸ்திரிக்கு நூற்றுக்கு நூறு.

உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனிதர் மதியம் ஆனால் மூட்டை மேலேயே குறட்டை விடுவார்.

ஜூன் 11, புதன்

லாரியில் ஒட்டியிருக்கிற, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட சின்னத்தைப் போனால் படம் பிடித்து, லாரியை உள்ளே அனுப்பும் பாடம். மூன்றாவது முயற்சியில் செய்துவிட்டேன். நானே செய்தேன்!

மேஸ்திரிக்குப் பாராட்டுச் செய்தி வந்தது.

ஜூன் 13, வெள்ளி

இன்று நடந்ததை எப்படிச் சொல்வது?

தங்கச்சிக்குத் தூசியைக் கண்டால் கை சும்மா இருக்காது. படத்தைத் துடைத்தாள். போன் எதிரில் இருந்தது. “மேலும் ஒரு முகம் கண்டறியப்பட்டது” என்றது, ஒட்டகத்தைச் சேர்த்துக்கொண்டது. அவள் பதறித் திருப்பினாள். ஊமையனும் சேர்ந்தான். “ஐயோ அண்ணே, நான் எதையும் அமுக்கலண்ணே!” டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். உயிரோடு இருக்கிற மாணவர் இரண்டு, இல்லாதவர் மூன்று.

அடுத்து படத்தில் இருந்த என் முகம். “ஏற்கெனவே பதிவாகியுள்ளது.” அதுதான் தெரிந்த கதையாயிற்றே.

அடுத்தது பீரங்கி. நான் சிரித்துக்கொண்டே, “வாடா, நீ மட்டும் எதுக்கு வெளிய நிக்கற” என்றேன்.

“இந்த முகம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது.”

டீச்சர் படத்தை வாங்கிப் பார்த்தார். “ஐயா, இவரு வேற ஏதோ மையத்துல சேர்ந்திருக்கணும்” என்றார்.

“அவன் செத்துட்டாம்மா.”

“நம்ம வகுப்புல மூணு பேரு செத்துட்டாங்கய்யா. தினம் வர்றாங்க.”

வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அடங்கவில்லை. இரண்டு முகத்துக்கும் ஒரே பதில். அப்படியென்றால் — நானும் செத்தவனா, இல்லை அவனும் உயிரோடு இருக்கிறானா?

ஜூன் 17, செவ்வாய்

மேனேஜர் தம்பி கூப்பிட்டு அனுப்பினார். கையில் போன். முகமெல்லாம் சந்தோஷம். “பெரியவரே, உங்க மையத்துல ஒருத்தர் கவனத்துல நூறு வாங்கியிருக்காரு. கேட்டுக்கு அவரையே போட்டுடலாம்னு இருக்கேன். உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் தம்பி. என் மேஸ்திரி. செத்துப் பல வருஷம் ஆச்சு.”

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். “அப்ப லீவு கேக்க மாட்டாரு” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். “நான் என்ன செய்யறது சொல்லுங்க. மெஷின்ல யாரு முகம் இருக்கோ அவருக்குத்தான் கேட்டு திறக்கும். முப்பதாம் தேதிக்குள்ள உங்க முகத்தை அதுக்குள்ள கொண்டு வாங்க.”

இத்தனை வருஷம் இந்தக் கேட்டில் நின்ற முகத்தை நான் எங்கிருந்து கொண்டு வருவது! இங்கேதானே இருக்கிறது, பாருங்கய்யா, தொட்டுப் பாருங்க —

வீட்டுக்காரி பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 18, புதன்

பயிற்சியில் சேர்ந்த எல்லோருக்கும், எந்த ஊரில் இருந்தாலும், குரல் செய்தி அனுப்பலாமாம். டீச்சர் பீரங்கியின் முகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினேன்.

“வணக்கம். முன்பு கிடங்கில் மூட்டை தூக்கிய நண்பருக்கு ஓர் அறிவிப்பு. தாங்கள் தற்போது உயிருடன் இருக்கிறீர்களா என்பதைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

தங்கச்சி சிரித்துச் சிரித்து நாற்காலியில் இருந்து சரிந்துவிட்டாள். “இது எழுதறதுக்கு இல்லய்யா, அவரு காதுக்குப் போறது. சும்மா பேசுங்க” என்றார் டீச்சர்.

“டேய் பீரங்கி. நான்தான்டா மூக்கன். செத்தியா இல்லையாடா? ஒரு வார்த்தை சொல்லு.”

ஜூன் 20, வெள்ளி

பதில் இல்லை. செத்தவன் என்றால் தாமதம் ஆகும்தான்.

ஜூன் 23, திங்கள்

வகுப்பு நடுவில் மேஜை அதிர்ந்தது. போன் தானாக ஓர் ஓரமாக நகர்ந்தது. அந்தக் குரலுக்குத்தான் பீரங்கி என்று பெயர்.

“டேய் மூக்கா! படுபாவி! உயிரோடவாடா இருக்கே? நீ போயிட்டேன்னு அந்த லாரிக்காரன் சொன்னானேடா! உனக்காக நான் ஒரு நாள் பூராப் பட்டினி கிடந்தேன்டா!”

அதே லாரிக்காரர். இந்தப் பக்கம் வரும்போது அவன் சாவை என்னிடம் இறக்கியிருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போது என் சாவை அவனிடம் இறக்கியிருக்கிறார். வெறும் வண்டியாகத் திரும்பக் கூடாதென்று நினைத்தாரோ என்னவோ.

டீச்சர் நேராகவே அவனை அழைத்துக் கொடுத்தார். அவன் ஊரிலும் இதே பயிற்சிதானாம். சந்தையில் விலை சொல்கிற வேலை பார்க்கிறான். இனி விலையைப் போனில் ஏற்றத் தெரிந்தால்தான் வேலை.

“பல்லெல்லாம் போயிடுச்சா, கன்னம் உள்ள போயிடுச்சு. மெஷினுக்கு என்னைத் தெரியல. நம்ம படம் இருக்குல்ல, ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்களே, அதைக் காட்டினேன். காட்டினதும் உன் மூக்கு முதல்ல வந்து நின்னுச்சு. அன்னிக்கும் அப்படித்தான், என்னை மறைச்சுக்கிட்டு நின்னே. உன்னைச் சேர்த்துட்டுத்தான் என்னைச் சேர்த்துச்சு.”

“அதனாலதான் என்னை இங்க சேர்க்க மாட்டேங்குதா, பாவி!”

“எனக்கு என்னடா தெரியும்? செத்தவன்தானே, ஒரு ஓரமா இருந்துட்டுப் போறான்னு விட்டேன். தினம் உன்னைத் தூக்கிக்கிட்டுதான்டா வகுப்புக்குப் போறேன். உனக்கு என்ன மார்க்குன்னு கேளு.”

“என்ன மார்க்?”

“கவனம் நூறுடா!”

பிறகு நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை. டீச்சர் திரையைப் பார்த்துவிட்டு, “ஐயா, ரொம்ப நேரமா ஒண்ணும் எழுதல இது” என்றார். மூக்கைச் சிந்துவதை எழுத இதற்குத் தெரியாது போலிருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

முறையீடு போட்டோம். அவன் அங்கிருந்து “ஆம், இவரை எனக்குத் தெரியும்” என்று சொன்னால் போதும். அவன் சொன்னான். “இரைச்சல் அதிகம். மறுபடி சொல்லவும்” என்றது. மெதுவாகச் சொன்னானாம். “இரைச்சல் அதிகம்.” டீச்சர் போனைத் திண்டாடவிடாமல் ஒரு யோசனை சொன்னார்: போனை அறையில் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்ச் சொல்லுங்கள். தெருவில் இருந்து சொன்னான். ஏற்றுக்கொண்டது. என் முகம் இந்த வகுப்புக்கு வந்து சேர்ந்தது. தெருவே என்னைத் தெரியும் என்று சாட்சி சொன்ன மாதிரி ஆயிற்று.

ஜூன் 27, வெள்ளி

டீச்சர் எனக்குத் தனியாகத் தேர்வு வைத்தார். தேறிவிட்டேன். கவனம் ஐம்பத்தெட்டு. ஜன்னல் வழியாக ஒரு லாரி போனது. பார்க்காமல் எப்படி இருப்பது? தங்கச்சியும் தேறினாள். அந்தப் பூனைக்குட்டி இப்போது அவள் சொன்ன பக்கம் போகிறதாம்.

ஜூன் 30, திங்கள்

முதல் லாரி உள்ளே போய்விட்டது. டீ குடித்துவிட்டேன். பாத்திரங்களை வீட்டுக்காரி பழையபடி அலமாரியில் பரப்பி வைக்கும் சத்தம் கேட்கிறது. படம் சுவருக்குத் திரும்பிவிட்டது. மேஸ்திரிக்கு மட்டும் இன்னமும் வேலைக்கு அழைப்பு வந்துகொண்டிருக்கிறது.

காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புது மெஷின் எதிரில் நின்றேன். மேனேஜர் தம்பி பக்கத்தில். லாரி ஹாரன் அடித்தது. மெஷின் என் முகத்தைப் பார்த்தது. “முதல் முறை திறப்பதற்கு ஒரு பாதுகாப்புக் கேள்வி” என்றது. “உங்களை நீண்ட காலமாக அறிந்த, உயிருடன் இருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லவும்.”

அவன் அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதை அவன் அங்கே பதியவில்லை. டீச்சர் காட்டினார், எல்லாரும் கூப்பிடும் பெயரைத்தான் பதிந்திருக்கிறான்.

மேஸ்திரி இல்லை. ஒட்டகம் இல்லை. ஊமையன் இல்லை. செய்தி வாசிக்கும் குரலை விட்டுவிட்டு, அந்தக் காலத்தில் மூட்டை மேலே நின்று கூப்பிடுவது மாதிரி கூப்பிட்டேன்:

“பீரங்கி!”