சும்மா உட்கார்ந்திருக்கும் எலிகள்

என் செல்வி அக்காவுக்கு,

நான் இப்போது எலிகளுக்குத் தலைவலி வரவைக்கிறேன். சிரிக்காதே, சென்னையில் என் ஆராய்ச்சியே அதுதான். கொல்லிமலையில் எலிக்கா பஞ்சம், இதுக்கா மெட்ராஸ் போனே என்று அம்மா கேட்கிறாள்.

விஷயம் இதுதான். ஒற்றைத் தலைவலி வரும்போது தலைக்குள் இருக்கும் நரம்புகள் ஒரு சின்னப் புரதத்தை வெளியே விடுகின்றன. வலி என்று அடுத்தடுத்துச் சேதி சொல்லிக்கொண்டு போவது அதுதான். அந்தச் சேதியை நடுவழியில் மறித்தால் வலி அடங்குமா என்று பார்க்கிறோம். அதற்கு முதலில் எலிக்கு ஊசி போட்டு வலியை உண்டாக்க வேண்டும். போடுகிறவள் நான்.

சேர்ந்த புதிதில் ஓர் எலி கூண்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. கத்தவில்லை, துள்ளவில்லை. ‘சும்மா உட்கார்ந்திருக்கிறது’ என்று நோட்டில் எழுதினேன். எங்கள் மேடம் அந்த வரியை அடித்தார்.

“சும்மா இல்லம்மா. கண்ணைப் பாருங்க, பாதி மூடியிருக்கு. மூஞ்சியைத் துடைச்சுக்கல. வெளிச்சத்துக்கே வர மாட்டேங்குது. இதுக்குப் பேருதான் வலி.”

குனிந்து பார்த்தேன். அக்கா, அங்கே நீ உட்கார்ந்திருந்தாய்.

நெற்றியில் சுக்குப் பற்றோடு, சாமை மூட்டைகளுக்குப் பக்கத்து இருட்டில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. மிளகு பறிக்கிற நாளாகப் பார்த்து இவளுக்குத் தலைவலி வருகிறது என்று வீட்டில் முதலில் சொன்னவள் நான்தான். நடிப்புக்காரி என்று உனக்குப் பேர் வைத்ததும் நான்தான். எனக்கு அப்போதே வாய் நீளம்.

அன்றைக்கு மிளகு விற்கச் சோளக்காடு சந்தைக்குப் போய்ப் பஸ்ஸை விட்டு இறங்கினோம். நீ ரோட்டோரமே நின்றுவிட்டாய்.

“கையப் புடிச்சுக்க கண்ணு. இடது பக்கம் ஒண்ணுமே தெரியல, மின்னுது.”

“உன்ற நடிப்ப ஊட்டோட வச்சுக்க,” என்று சொல்லிவிட்டு நான் முன்னால் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டேன். நீ தனியாக என் பின்னால் வந்தாய். லாரி இடது பக்கமிருந்து வந்தது.

தலைவலிக்கு முன்னால் சிலருக்குப் பார்வையில் ஒரு பக்கம் மறைந்துபோகும் என்று காலேஜ் புத்தகத்தில் படித்த நாளில் அந்த வரியையே ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ பொய் சொல்லவில்லை என்று தெரிய எனக்கு இவ்வளவு படிப்பா வேண்டியிருந்தது?

போன வாரம், புது மருந்து கொடுத்த எலிகளில் ஒன்று மூலையை விட்டு வந்து மூஞ்சியைத் துடைத்துக்கொண்டது. ஒரு எலி எழுந்தால் மருந்தாகிவிடாது, அவசரப்படாதே என்றார் மேடம். சரிதான். ஆனாலும் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மறுநாள் இன்னொரு எலிக்கு எடுத்த ஊசியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன். எந்தக் கூண்டைத் திறந்தாலும் அந்தப் பாதி மூடிய கண் என்னையே பார்க்கிறது. நீதான் பார்க்கிறாயா? யாரிடம் கேட்பது இதை?

அம்மா சோளக்காட்டு பூத்திலிருந்து போன் செய்யும்போதெல்லாம் கடைசியில் உன்னைத் திட்டித்தான் வைக்கிறாள். “பாத்துப் போயிருக்கலாமில்ல சாமி, கண்ண எங்க வச்சிருந்தா அவ?” நானும் இத்தனை வருஷமாக ‘ம்’ கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு மலையேறி வருவேன். சோளக்காட்டு ரோட்டோரம் நீ என்ன கேட்டாய், நான் என்ன சொன்னேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசுவாளோ மாட்டாளோ, தெரியாது. உன்னைத் திட்ட மாட்டாள். அது மட்டும் நிச்சயம் அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி பூங்கொடி