சாயங்காலம் மட்டும் வந்த நோய்

எனக்குச் சடை பின்னிவிட்டு, அந்தக் கூலிக்கு என் தட்டிலிருந்தே அப்பளத்தை எடுத்துத் தின்ற என் மதினிக்கு,

ஜோதி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். அண்ணன் லோடு வண்டி ஓட்டப் போகிறார், வருகிறார். வாய் ஓயாமல் உங்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்த மனுஷன், இப்போது டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். உங்கள் மகள் பவித்ரா பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கணக்கில் உங்களை மாதிரி இல்லை, நன்றாகவே போடுகிறாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உங்கள் மாமியாரைப் பற்றி உங்களிடமே கோள் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் நம் வீட்டில் ஒன்று நடந்துவிட்டது. அதை வேறு யாரிடம் சொல்வேன்?

காலையில் உங்களைப் பார்த்தவர்கள் யாரும் சீக்காளி என்று சொல்ல மாட்டார்கள். கோச்சடையில் நம் தெரு விழிக்கும் முன்பே தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, ஆளுக்கொரு சட்னி கேட்டால் அதையும் அரைத்து வைத்திருப்பீர்கள். பொழுது சாய்ந்தால் வேறு ஆள். சீப்பைத் தலை வரைக்கும் தூக்க முடியாது. சோறு மெல்லும்போது தாடையைக் கையால் தாங்கிக்கொள்வீர்கள். பேச்சு மூக்கு வழியாக வரும். இடது இமை தானாக இறங்கும். பவித்ராவின் காதுகுத்து விருந்தில் எடுத்த போட்டோவைப் பார்த்து, "மதினி யாருக்கோ கண்ணடிக்கிறாங்க" என்று வீடே சிரித்ததே, நீங்களும் சேர்ந்துதானே சிரித்தீர்கள்?

அப்புறம் கூடத்தில் பாயை விரித்துக் கண்ணை மூடிப் படுத்துவிடுவீர்கள். அம்மா வாசலில் நின்று பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆரம்பிப்பாள். "விடிஞ்சா குதிரை கெணக்கா ஓடுறா. வெளக்கு வைக்கிற நேரமானா சீக்கு வந்துருது. அம்புட்டும் நடிப்பு. ராத்திரி அடுப்படி வேலைக்குத் தப்பிக்கத்தேன்." நான் சண்டைக்குப் போவேன். ஒரு நாளாவது அவள் குரலைத் தணித்ததில்லை.

எத்தனை வார்த்தைகள் நம் வீட்டுக்கு வந்து போயின மதினி! ஒரு மருத்துவர் ஒற்றைத் தலைவலி என்றார். இன்னொருவர் கழுத்தெலும்பு தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டார். மூன்றாமவர் மன அழுத்தம் என்று தூக்க மாத்திரை கொடுத்தார், அதைப் போட்டு இன்னும் சரிந்தீர்கள். மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தலை முழுக்க ஒயர் ஒட்டி ஈ.ஈ.ஜி. எடுத்தோம். இரண்டிலும் 'நார்மல்' என்று வந்தது. அந்த ஒரு வார்த்தைதான் உங்களை அதிகம் அடித்தது. "பாத்தீகளா, மெசினே சொல்லிருச்சு" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள்.

அண்ணன் பாசக்காரர். நீங்கள் வெயிலில் காத்துக் கிடக்கக் கூடாதென்று, இருட்டு பிரியும் முன்பே போய் முதல் டோக்கனை வாங்கிவிடுவார். தூங்கி எழுந்த தெம்போடு, தெளிந்த முகத்தோடு, முதல் ஆளாக நீங்கள் போய் நிற்பீர்கள். கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள், இறுக்கிப் பிடிப்பீர்கள். நடக்கச் சொல்வார்கள், நடப்பீர்கள். எந்த மருத்துவரும் உங்களைச் சாயங்காலத்தில் பார்த்ததே இல்லை. அந்த முதல் டோக்கனை நினைத்து அண்ணன் இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

பவித்ராவுக்குச் சீருடை எடுக்க நீங்கள் கோரிப்பாளையத்தில் நான் பில் போடும் கடைக்கு வந்த அன்றுதான் எனக்கே பயம் வந்தது. பொழுது இறங்கியிருந்தது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டீர்கள். முதலாளியிடம் சொன்னேனா இல்லையா என்றுகூட நினைவில்லை, உங்களைக் கைத்தாங்கலாக எதிர்ச் சந்திலிருந்த நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். உங்களை விட என் வயதுக்கு நெருக்கமான டாக்டரம்மா. "கூரையைப் பாத்துக்கிட்டே இருங்க" என்றார். பார்க்கப் பார்க்க இமை இறங்கியது. சத்தமாக எண்ணச் சொன்னார். போகப் போகக் குரல் மூக்குக்குள் போய் மங்கியது. "காலைல இப்படி இருக்காதுல்ல?" என்று அவர் கேட்டதும் நீங்கள் அழுதுவிட்டீர்கள். அந்தக் கேள்வியை அதுவரை யாருமே உங்களிடம் கேட்டதில்லை.

பிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து, கையுறைக்குள் போட்டு, மூடிக்கிடந்த இமை மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். கண் திறந்திருந்தது. முழுசாகத் திறந்திருந்தது மதினி! குளிர்ச்சி பட்டால் இந்த நோயில் இமை சற்று நேரம் தூக்கிக்கொள்ளுமாம். அப்புறம் ரத்தப் பரிசோதனை, நரம்பில் சின்னச் சின்னதாகக் கரண்டு கொடுத்து தசை களைக்கிறதா என்று பார்க்கும் சோதனை, நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன். பெயர் கிடைத்தது. மயஸ்தீனியா கிராவிஸ். தசைக் களைப்பு நோய். நரம்பு சொல்லும் கட்டளையை வாங்கிக்கொள்ளும் இடத்தை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறாக அடைத்துவிடுகிறது. ஓய்வு எடுத்தால் தெம்பு கொஞ்சம் திரும்பும், வேலை செய்யச் செய்ய வடிந்துவிடும்.

வரும் வழியில் ஆட்டோவில் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தீர்கள். இப்படி ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "ஜோதி, நான் நடிக்கலடி" என்றீர்கள்.

மாத்திரை போட்டு அரை மணி நேரத்தில் நீங்கள் முறுக்கைக் கடித்துத் தின்றதை அம்மா அடுப்படியிலிருந்து பார்த்தாள். அன்றிலிருந்து வாசல் பேச்சை விட்டாள். ராத்திரிச் சமையலை எடுத்துக்கொண்டாள். உங்களுக்கென்று சோற்றைக் குழைய வடித்தாள். தப்பாகப் பேசிவிட்டேன் என்கிற ஒரு வார்த்தைக்கு மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்திருக்கிறாள்.

அதற்குள் சளிக் காய்ச்சல் வந்தது. மூச்சுவிடும் தசையும் களைத்துவிட்டது. அதே டாக்டரம்மாவின் மேற்பார்வையில், ஐ.சி.யூ.வில் தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டர் வைத்தார்கள். ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து மாற்றினார்கள். நுரையீரலில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். அம்மாவை நான்தான் உள்ளே கூட்டி வந்தேன். அவள் உங்கள் காதுப் பக்கம் குனிந்தாள். "தாயி, நீ நடிக்கலத்தா. நாந்தேன் கூறுகெட்டுப் போயிப் பேசிட்டேன். எந்திரிச்சு வந்துரு சாமி, இனிமே அடுப்புப் பக்கமே நீ வர வேணாம்." இமை அசையவில்லை. விரலும் அசையவில்லை. மறுநாள் காலையில், நீங்கள் எப்போதும் தெம்பாக இருக்கும் நேரத்தில், போய்விட்டீர்கள்.

திருமங்கலத்திலிருந்து வந்த உங்கள் வீட்டு ஆட்கள் திரும்பிப் போன நாளிலிருந்து அம்மாவிடம் ஒரே கேள்விதான். "நான் சொன்னது அவளுக்குக் கேட்டுருக்குமா ஜோதி?" சாப்பிடும்போது கேட்பாள், குழாயடியில் நிற்கும்போது கேட்பாள். போன வாரம் கடை விட்டதும் அந்த டாக்டரம்மாவிடமே போய்க் கேட்டேன். "நீங்க பார்த்த நேரத்துல மயக்க மருந்தை நிறுத்தித்தாம்மா வச்சிருந்தோம். இந்த நோய் காதுக்கும் போகாது, அறிவுக்கும் போகாது. அவங்களால கண்ணைத் திறக்க முடியாது, அவ்வளவுதான். எல்லாம் கேட்டிருக்கும்" என்றார். எனக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. பஸ் பிடித்து ஓடி வந்தேன்.

"கேட்டுருக்கும்மா. கண்ணுதான் மூடியிருந்துச்சாம். நீ சொன்னது ஒன்னுவிடாம மதினிக்குக் கேட்டுருக்கும்."

அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். கண்ணைத் துடைத்தாள். அரிசி களையப் போனவள் பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப கூடத்துல கண்ண மூடிப் படுத்திருந்த அன்னைக்கெல்லாம்... நான் வாசல்ல பேசுனதையும் கேட்டுக்கிட்டுத்தேன் கெடந்தாளா?"

என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. எல்லாம் கேட்டும் மறுநாள் காலையில் அவளுக்குத்தானே முதல் காபி கொடுத்தீர்கள்? அதை எப்படி உங்களால் செய்ய முடிந்தது மதினி?

அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று சாயங்காலம், நீங்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் சாய்ந்துகொண்டு, "முடியலடி ஜோதி" என்றாள். உங்களை அவள் பேசிய பேச்செல்லாம் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு அவள் தலையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மதினி. இந்த வீட்டில் முடியவில்லை என்று யார் சொன்னாலும் நான் நம்புவேன். அம்மா சொன்னாலும் நம்புவேன்.

ஊருக்கு நாத்தனார், உங்களுக்கு என்றும் தங்கச்சி,
ஜோதி